பகுதி சபைக்கு முன்னால் வார்டு மக்களிடம் ஆன்லைனில் கருத்துக் கேட்க எந்தத் தளம் நல்லது?

மேட்டுத்தெரு_குன்னூர்:

எல்லோருக்கும் வணக்கம். குன்னூரில் மேட்டுப்பாங்கான ஒரு வார்டில் குடியிருப்போர் சங்கம் நடத்துகிறோம். அடுத்த பகுதி சபைக் கூட்டத்துக்கு (வார்டு மக்கள் கூடித் தேவைகளைப் பேசும் கூட்டம்) போகும்போது, வார்டு மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதை ஒழுங்காகக் கேட்டு எழுதி எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்று ஆசை. 2022 நவம்பரில் முதல் பகுதி சபை நடந்தபோது போனவர்களில் நானும் ஒருவன். பேசத் தெரிந்தவர்கள் பேசினார்கள், மற்றவர்கள் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

இப்போது எங்களுக்கு மூன்று வேலைகள் நடக்க வேண்டும். ரோட்டிலிருந்து மேல் வீடுகளுக்கு ஏறும் படிக்கட்டுப் பாதைக்குக் கைப்பிடிக் கம்பி. மழையில் ஒரு பக்கம் சரிந்து நிற்கும் தடுப்புச் சுவர். அப்புறம் தெருவிளக்கு, ஏனென்றால் பொழுது சாய்ந்தபின் வளைவில் காட்டெருமை நின்றால் பக்கத்தில் போகும்வரை தெரிவதில்லை. எல்லாம் ஒரே நேரத்தில் நடக்காது என்பது தெரியும். எதை முதலில் கேட்பது என்பதுதான் பிரச்சினை.

வாட்ஸ்அப் குழுவில் கேட்டால் அதே ஏழெட்டுப் பேர்தான் பதில் போடுகிறார்கள். பார்சிலோனாவில் டெசிடிம், மாட்ரிட்டில் கான்சல், தைவானில் போலிஸ் (Pol.is, காவல்துறை இல்லை) என்று வெளிநாடுகளில் இதற்கென்றே தளம் வைத்திருப்பதாகச் சங்கத்தில் ஒரு தம்பி சொன்னான். நம் நாட்டில் மத்திய அரசின் மைகவ் (MyGov) இருக்கிறது. இதில் எது எங்களுக்கு ஒத்துவரும்? செலவு செய்யப் பெரிய பணம் கிடையாது. பயன்படுத்திப் பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

ஊட்டி_நிரலர்:

டெசிடிம், கான்சல் இரண்டும் கட்டற்ற மென்பொருள். இரண்டும் ரூபி ஆன் ரெயில்ஸ் என்ற நிரல் கட்டமைப்பில் எழுதியவை, யார் வேண்டுமானாலும் எடுத்து நிறுவலாம். ஆனால் மென்பொருள் இலவசம் என்றாலும் சர்வருக்கு மாதாமாதம் பணம் கட்ட வேண்டும், அப்டேட் பார்க்க ஓர் ஆள் வேண்டும். உங்கள் கேள்வி "எந்த வேலைக்கு முதல் இடம்" என்பதால் கான்சல் பொருந்தும் என்று நினைக்கிறேன். நிதியைக் காட்டி மக்கள் வேலைகளைத் தேர்ந்தெடுக்கும் பகுதி அதில் தயாராகவே இருக்கிறது. போலிஸுக்குத் தனி சர்வர் வேண்டாம், அவர்கள் தளத்திலேயே ஓர் உரையாடலைத் திறந்து இணைப்பை அனுப்பினால் போதும்.

நிறுவித் தர வேண்டுமென்றால் சொல்லுங்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துத் தருகிறேன்.

கோத்தகிரி_சேவைமையம்:

வணக்கம் சார். நான் கோத்தகிரி பக்கம் இ-சேவை மையம் நடத்துகிறேன். அஞ்சல்வழியில் பொது நிர்வாகம் எம்.ஏ. படித்தபோது இந்தத் தளங்களைப் பற்றித்தான் ஆய்வுக் கட்டுரை எழுதினேன். அதனால் பதில் கொஞ்சம் நீளமாகவே வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் குறை சொல்லும் இடத்தையும் முடிவெடுக்கும் இடத்தையும் பிரித்துவிட வேண்டும். மாநில அரசின் 'முதல்வரின் முகவரி' மனுப் பிரிவு, 1100 உதவி எண், மத்திய அரசின் சிபிகிராம்ஸ் எல்லாம் குறைக்கானவை. விளக்கு எரியவில்லை, உதவித்தொகை நின்றுவிட்டது என்றால் அங்கே போகலாம். சிபிகிராம்ஸில் 21 நாளுக்குள் மனுவை முடிக்க வேண்டும் என்று 2024-இல் கெடு வைத்தார்கள். ஆனால் கம்பி முதலா, சுவர் முதலா என்பது குறை இல்லையே. பத்துப் பேர் ஒன்றையும் இருபது பேர் இன்னொன்றையும் சொன்னால் இரண்டையும் சேர்த்துப் பார்க்க அங்கே வழி கிடையாது. மைகவ் 2014 ஜூலையில் வந்தது. அது கருத்துக் கேட்கும் தளம்தான். ஆனால் என்ன கேட்பது என்பதை அரசுத் துறைகள் முடிவு செய்யும். ஒரு வார்டு சங்கம் அதில் தன் கேள்வியைத் திறக்க முடியாது.

அடுத்தது வெளிநாட்டுத் தளங்கள். எல்லோரும் திரையைப் பார்த்துத்தான் ஒப்பிடுகிறார்கள். நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: மக்கள் சொன்னபின் யார் பதில் சொல்லக் கடமைப்பட்டவர், எத்தனை நாளுக்குள்?

பிரிட்டன் நாடாளுமன்ற மனுத் தளத்தில் 10,000 கையெழுத்து வந்தால் அரசு பதில் எழுதுகிறது, 1,00,000 வந்தால் விவாதத்துக்கு எடுப்பது பற்றிப் பரிசீலிக்கிறார்கள். தைவானில் ஜாயின் என்று அரசுத் தளம் ஒன்று உண்டு. 60 நாளில் 5,000 பேர் ஆதரித்தால் சம்பந்தப்பட்ட துறை இரண்டு மாதத்துக்குள் பதில் தந்தாக வேண்டும். இரண்டும் பார்க்க ரொம்பச் சாதாரணமான தளங்கள். ஆனால் பதில் வரும் என்று தெரிவதால் மக்கள் போகிறார்கள்.

மாட்ரிட் கதை வேறு. 2015-இல் தொடங்கினார்கள். யாரும் யோசனை போடலாம், 16 வயதுக்கு மேற்பட்டவர்களில் 1 சதவீதம் பேர் ஆதரித்தால் அது ஓட்டெடுப்புக்குப் போகும். ஆயிரக்கணக்கில் யோசனைகள் குவிந்தன. 2017 பிப்ரவரியில் நடந்த ஓட்டெடுப்புக்கு அந்த வரம்பைத் தாண்டி வந்தவை இரண்டே இரண்டு. ஒன்று எல்லாப் பொதுப் போக்குவரத்துக்கும் ஒரே டிக்கெட், மற்றது சுற்றுச்சூழலுக்கு உகந்த நகரம். மற்ற யோசனைகளை எழுதியவர்களின் உழைப்பு என்ன ஆயிற்று? அதே மாட்ரிட்டில் நிதியைப் பங்கிடும் பகுதி நன்றாக ஓடியது, ஏனென்றால் இவ்வளவு பணம், இந்த வேலைகள் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். நிரலர் தம்பி சொன்ன பகுதி அதுதான். ஆனால் உங்கள் வார்டுக்கு இவ்வளவு தொகை என்று யாராவது சொல்லியிருக்கிறார்களா சார்? தொகை தெரியாமல் அந்தப் பகுதியை வைத்து என்ன செய்வது?

பார்சிலோனா எனக்குப் பிடிக்கும். 2016-இல் நகரத் திட்டத்துக்கு டெசிடிமில் பத்தாயிரத்துக்கும் மேல் யோசனைகள் சேர்ந்தன. நேரடிக் கூட்டங்களில் வாயால் சொன்னவையும் அதே தளத்தில் ஏறின. ஒவ்வொரு யோசனையின் கீழும் ஏற்றார்களா, தள்ளினார்களா, தள்ளினால் ஏன் என்று பதில் இருந்தது. "உன் யோசனையை எடுக்கவில்லை, காரணம் இது" என்று எழுதிக் கொடுப்பது எவ்வளவு பெரிய மரியாதை!

போலிஸில் ஒருவர் கருத்துக்கு இன்னொருவர் பதில் எழுத முடியாது. சின்னச் சின்ன வாக்கியங்கள் வரும். சரி, இல்லை, தெரியாது என்று அழுத்திக்கொண்டே போகலாம். தன் வாக்கியத்தையும் சேர்க்கலாம். யார் யாரோடு ஒத்துப்போகிறார்கள் என்று அதுவே குழுக்களாகப் பிரித்துக் காட்டும். 2015-இல் தைவானில் ஊபர் வண்டிகள் பற்றிய சண்டையில் இதை வைத்தார்கள். டாக்ஸிக்காரர்களும் ஊபர் பக்கம் நின்றவர்களும் எதிரெதிராக இருந்தும், பயணிகளுக்குக் காப்பீடு வேண்டும் என்பது போன்ற விஷயங்களில் ஒத்துப்போனார்கள். அரசு விதிகளும் அதை ஒட்டியே வந்தன. ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக் நகரத் தளத்தில் ஆதரவுக் காரணங்கள் ஒரு பக்கம், எதிர்ப்புக் காரணங்கள் மறு பக்கம் என்று தனித்தனியாக இருக்கும். அங்கும் சண்டை போட இடமில்லை. வாட்ஸ்அப்பில் உங்களுக்கு ஏழெட்டுப் பேர்தான் பேசுகிறார்கள் என்றால், மற்றவர்கள் பயப்படுவது அந்தப் பதிலுக்குப் பதில் போடும் வழக்கத்துக்குத்தான்.

இனி என் மேஜையில் நடப்பதைச் சொல்கிறேன். மனு போட ஒரு அம்மா வருவார். தோட்டத்தில் இலை பறித்துவிட்டு நேராக வந்திருப்பார், விரல் நுனி கறுத்திருக்கும், ரேகை எந்திரத்தில் பதியாது. சரி, ஓடிபி போடலாம் என்றால் அந்த எண் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் மகன் கையில் இருக்கும். அவன் ஷிப்டில் இருப்பான், போனை எடுக்க மாட்டான். நாங்கள் காத்திருப்போம். அவன் கூப்பிடும்போது ஓடிபி காலாவதி ஆகியிருக்கும். மறுபடி அனுப்புவோம். அதற்குள் கடைசி பஸ் வந்துவிடும், அவர் கிளம்பிவிடுவார். இப்படிப்பட்டவர் உங்கள் வார்டிலும் இருப்பார் சார். அந்தப் படிக்கட்டில் தலையில் சுமையோடு ஏறுபவரும் அவர்தான். ஓடிபி கேட்கும் எந்தத் தளத்தை வைத்தாலும் முதலில் வெளியே நிற்பவர் அவர்தான்.

மொழியும் அப்படித்தான். 2020-இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு ஆங்கிலத்திலும் இந்தியிலும் வந்தது. அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள எல்லா மொழிகளிலும் தர வேண்டும் என்று தில்லி உயர் நீதிமன்றம் அந்த ஜூன் 30-ஆம் தேதி சொல்ல வேண்டியிருந்தது. 1953-ஆம் வருடத் தேயிலைச் சட்டத்தை எடுத்துவிட்டுப் புதியது கொண்டுவர 2022 ஜனவரியில் வரைவு வெளியிட்டுக் கருத்துக் கேட்டபோது, ஆங்கிலப் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு மையத்துக்கு வந்த சிறு விவசாயிகளுக்கு வாயாலேயே தமிழில் சொன்னேன். அவர்கள் கேட்ட கேள்விகள் அவ்வளவு கூர்மை. பச்சை இலைக்கு விலை யார் வைப்பது என்பதை ஒரே நிமிடத்தில் பிடித்துவிட்டார்கள். மேலே போய்ச் சேர்ந்த கருத்துகளில் அந்தக் கேள்விகள் இல்லை, எழுதி அனுப்ப நேரம் போதவில்லை.

அதனால் என் யோசனை: டெசிடிம், கான்சல் இரண்டும் நகராட்சி தானே நடத்தினால்தான் பொருள் உள்ளவை. சங்கம் அவற்றை நிறுவினால் பெரிய வீடு கட்டி ஆள் குடியேறாத மாதிரிதான். நீங்கள் போலிஸ் எடுங்கள், கூடவே அதே வாக்கியங்களைத் துண்டுச் சீட்டாக அச்சடித்து ரேஷன் கடை வரிசையில் கொடுங்கள். இரண்டுக்கும் ஒரே மதிப்பு. அதற்கும் முன்னால் கவுன்சிலரிடம் போய், "நாங்கள் கொண்டுவரும் பட்டியலைப் பகுதி சபைக் குறிப்பேட்டில் ஏற்ற வேண்டும், அடுத்த கூட்டத்தில் ஒவ்வொன்றுக்கும் பதில் வாசிக்க வேண்டும்" என்று கேட்டு எழுதி வாங்குங்கள். அது கிடைக்காவிட்டால் எந்தத் தளமும் வேண்டாம்.

கூடலூர்_தோட்டம்:

எல்லாம் சரிதான்மா. ஆனால் சீட்டை மட்டுமே நம்பினால் இன்னொரு கூட்டம் விட்டுப்போகும். என் பையன் கோயம்புத்தூரில், மருமகள் பெங்களூரில். ஓட்டு இங்கே, வீடு இங்கே, மழை பெய்தால் பயப்படுவது இந்த வீட்டுக்காக. அவர்கள் எந்தக் கூட்டத்துக்கும் வர முடியாது. அவர்களுக்கு ஆன்லைன்தான் ஒரே வழி. போலிஸில் யார் வேண்டுமானாலும் வந்து அழுத்தலாம் என்றால், வார்டுக்காரர் யார், வெளியாள் யார் என்று எப்படித் தெரியும்? ரிசார்ட் வைத்திருப்பவர் நாற்பது பேரை வைத்து அழுத்தினால்?

கோத்தகிரி_சேவைமையம்:

அண்ணா, வெளியூர் பிள்ளைகள் விஷயத்தில் நீங்கள் சொல்வதை முழுக்க ஏற்கிறேன். ஆன்லைன் பாதியை விடக் கூடாது என்பதற்கு அவர்கள்தான் காரணம்.

வெளியாள் பிரச்சினைக்கு மாட்ரிட்டும் பார்சிலோனாவும் நகரக் குடியிருப்புப் பதிவேட்டை வைத்துச் சரிபார்த்தன. நம்மிடம் அப்படி ஒன்றைச் சங்கம் தொட முடியாது, தொடவும் கூடாது. ஆதார் எண்ணை ஒரு சங்கம் வாங்கி வைத்துக்கொள்வதை நான் ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டேன். இணைப்பைப் பொதுவில் போடாமல் வீட்டுக்கு ஓர் இணைப்பாக அனுப்புங்கள். முடிவைச் சொல்லும்போது "ஆன்லைனில் இத்தனை பேர், சீட்டில் இத்தனை பேர்" என்று தனித்தனியாகச் சொல்லுங்கள். இரண்டும் ஒரே பக்கம் சாய்ந்தால் சந்தேகம் இருக்காது. வேறு வேறு பக்கம் சாய்ந்தால் அதைக் கூட்டத்தில் வைத்துப் பேச வேண்டும். ஓட்டு என்று மட்டும் எங்கேயும் எழுதாதீர்கள். நாம் எடுப்பது கருத்து, முடிவெடுக்கும் இடம் பகுதி சபை.

ஊட்டி_நிரலர்:

கான்சல் யோசனையைத் திரும்பப் பெறுகிறேன், தொகை தெரியாது என்பதை நான் யோசிக்கவில்லை. ஒரு விஷயம்: போலிஸ் குழு பிரித்துக் காட்டுவது ஆட்கள் நிறைய இருந்தால்தான் நம்பும்படி இருக்கும். அறுபது எழுபது பேர் என்றால் அந்தப் படத்தைப் பெரிதாக எடுக்காதீர்கள், எந்த வாக்கியத்துக்கு எத்தனை பேர் 'சரி' என்றார்கள் என்பதை மட்டும் பாருங்கள். வீட்டுக்கு ஓர் இணைப்பு நான் தயார் செய்து தருகிறேன்.

மேட்டுத்தெரு_குன்னூர்:

ரொம்ப நன்றி அக்கா, நிரலர் தம்பி, கூடலூர் அண்ணா. கவுன்சிலரைப் பார்த்துவிட்டேன். பட்டியலைக் குறிப்பேட்டில் ஏற்ற ஒப்புக்கொண்டார். எழுத்தில் தரக் கொஞ்சம் தயங்குகிறார், சங்கத் தலைவரோடு மறுபடி போகிறோம். வாக்கியங்கள் எப்படி இருக்க வேண்டும்? நாங்கள் எழுதியது: "கைப்பிடிக் கம்பி, தடுப்புச் சுவர், தெருவிளக்கு ஆகியவற்றில் எது அவசியம்?"

கோத்தகிரி_சேவைமையம்:

அது கேள்வி சார், போலிஸுக்கு வாக்கியம் வேண்டும். ஒரு வாக்கியத்தில் ஒரே விஷயம்தான் இருக்க வேண்டும், 140 எழுத்துக்கு மேல் போகாது. இப்படி எழுதிப் பாருங்கள்:

"மழைக்காலத்தில் படிக்கட்டில் இறங்க எனக்குப் பயமாக இருக்கிறது."

"தடுப்புச் சுவர் சரியாகும்வரை கம்பி காத்திருக்கலாம்."

"வளைவில் ஒரு விளக்கு மட்டும் வந்தாலே போதும்."

"இருட்டியபின் பிள்ளைகளை டியூஷனுக்கு அனுப்ப யோசிக்கிறேன்."

"சுவருக்கு மேலே இருக்கும் வீடுகளுக்குத்தான் முதலில் ஆபத்து."

முதல் வாக்கியத்தையும் நான்காவதையும் பாருங்கள். அவை வேலையின் பெயரைச் சொல்லவே இல்லை. நகராட்சியில் எஸ்டிமேட் போடுகிறவருக்கு அந்த இரண்டும்தான் உதவும், எந்தப் படியில், எந்த நேரத்தில் என்று அவர் வந்து பார்ப்பார். சீட்டில் எழுத்தைப் பெரிதாகப் போடுங்கள், 'தெரியாது' என்ற கட்டத்தை விட்டுவிடாதீர்கள். கீழே இரண்டு வரி காலியாக விடுங்கள், எழுதத் தெரியாதவர் சொன்னால் கொடுப்பவர் அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுத வேண்டும், திருத்தக் கூடாது. வரைவை இங்கே போடுங்கள், அச்சுக்குப் போகும் முன் பார்த்துச் சொல்கிறேன்.