புதுப்பிப்பு: நூலகத்தில் கிடைத்த இரண்டு 'மை ஃபேர் லேடி' குறுந்தகடுகள்

பொது நூலகத்தில் இரவல் எடுத்த 'மை ஃபேர் லேடி' இசைநாடகக் குறுந்தகடுகள் இரண்டிலும் அதே முதன்மை நடிகர்கள் பாடியிருந்தும் ஒலி ஏன் வேறுபடுகிறது என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். உறைக்குள் இருந்த சிறு கையேட்டைப் பொறுமையாகப் படித்ததும் விடை கிடைத்துவிட்டது.

முதலாவது, நியூயார்க்கில் 1956 மார்ச் 15 அன்று நாடகம் அரங்கேறிய சில நாட்களிலேயே கொலம்பியா நிறுவனத்துக்காகக் காடர்ட் லீபர்சன் தயாரித்த மோனோ பதிவு, அதாவது ஒலி முழுவதும் ஒரே தடத்தில் வருவது. ஸ்டீரியோ இசைத்தட்டுகள் 1958இல் கடைக்கு வந்தபின், லண்டன் மேடையிலும் அதே வேடங்களை ஏற்றிருந்த ரெக்ஸ் ஹாரிசன், ஜூலி ஆண்ட்ரூஸ், ஸ்டான்லி ஹாலோவே ஆகியோரைக் கொண்டே 1959இல் மறுபடியும் ஸ்டீரியோவில் பதிந்திருக்கிறார்கள். ஹெட்ஃபோனில் கேட்டால் இதில் வாத்தியங்கள் இடமும் வலமுமாகப் பிரிந்து தெளிவாக ஒலிக்கின்றன. ஆனாலும் ஹாரிசன் பாதி பேச்சும் பாதி பாட்டுமாகச் சொற்களை வீசும் இடங்களில் புதுக்கருக்குக் கலையாத துடிப்பு மோனோவில்தான் இருக்கிறது என்பது என் கட்சி. (அந்தத் தகடு கீறல் விழுந்து ஓரிடத்தில் திக்கியது, அதையும் மீறித்தான் சொல்கிறேன்.)

இரண்டையும் திருப்பிக் கொடுத்துவிட்டு, 1943இல் டெக்கா நிறுவனம் நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய இசைத்தட்டுகளாக வெளியிட்ட 'ஓக்லஹோமா!' என்ற இன்னொரு இசைநாடகப் பதிவின் குறுந்தகட்டுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். வரிசையில் எனக்கு முன்னால் மூவர் இருக்கிறார்கள்.