மூணு நாள் தீட்டு அத்தை

குடமுருட்டிக்கரை:

எங்க அண்ணனுக்குப் போன ஆவணியில பெருங்குடல்ல கட்டின்னு தெரிஞ்சுது. வயசு 41. அதுக்கு முன்னாடி பதினோரு மாசம் மூலம்னு சொல்லி களிம்பும் மலமிளக்கியும் கொடுத்தாங்க. யார் கொடுத்தாங்கன்னு எழுதப் போறதில்ல. "எங்க அப்பா இதே மாதிரி ரத்தம் போயித்தான் 44 வயசுல செத்தாரு"ன்னு அண்ணன் சொன்னப்ப, அந்த ஆளு தலையை நிமிர்த்திக்கூடப் பார்க்கலையாம். அந்தக் கோபம் எனக்கு இன்னும் அடங்கல. ஆனா இங்க எழுத வந்தது வேற விஷயம்.

ஆபரேஷன் முடிஞ்சதும், வெட்டி எடுத்த கட்டியை மெழுகுல பதிச்சு வச்சிருப்பாங்களே, அதுலேருந்து மெலிசா சீவி நாலு புரதம் இருக்கான்னு பார்த்தாங்க. ரெண்டு இருந்துச்சு, ரெண்டு இல்ல. எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6. அப்புறம் மரபணு ஆலோசகர்னு ஒரு பொண்ணு எங்களைக் கூப்பிட்டு உட்கார வச்சா. முப்பது வயசு இருக்காது, அரியலூர்ப் பக்கத்துப் பேச்சு. பெரிய வெள்ளைத் தாள்ல ஆம்பளைக்குக் கட்டம், பொம்பளைக்கு வட்டம்னு போட்டுக்கிட்டே வந்தா.

"அப்பா கூடப் பொறந்தவங்க எத்தனை பேரும்மா?"

எங்கம்மா: "இவுங்க அப்பாரோட சேத்து மூணு பேரு."

"பொம்பளைப் பிள்ளைங்க?"

"ஒருத்தி இருந்தா. கட்டிக்கொடுத்துட்டோம்."

அந்தப் பொண்ணுக்குச் சிரிப்பு வந்துடுச்சு. "கட்டிக்கொடுத்துட்டா ரத்தம் மாறிடுமாம்மா? சொல்லுங்க, அவங்க இருக்காங்களா?"

அத்தை 46 வயசுல செத்துப்போனாங்க. கர்ப்பப்பையில புத்து. அது வேற நோய், குடல் சமாச்சாரம் இல்லன்னு நாங்க யாரும் ரெண்டையும் ஒண்ணாச் சேர்த்தே பார்த்தது கிடையாது. அந்தப் பொண்ணு வட்டத்தைக் கறுப்பா அடிச்சா. லிஞ்ச் சிண்ட்ரோம்னு ஒண்ணு இருக்கு, ஆம்பளை பொம்பளை ரெண்டு பேருக்கும் குடல்ல வரும், பொம்பளைக்குக் கர்ப்பப்பையிலயும் வரும், வயசாகுறதுக்கு முன்னாடியே வரும்னு சொன்னா.

மேல போகணும்னா அப்பாயிதான். 84 வயசு, வலங்கைமான் பக்கத்துல ஊர்ல இருக்காங்க. போனை ஸ்பீக்கர்ல போட்டோம். அப்பாயிக்கு வருஷமெல்லாம் நம்பர்ல தெரியாது. "உங்க தாத்தா போனது பெரும்புயலுக்கு மொத வருஷம்"னாங்க. அந்தப் பொண்ணு உடனே 1976ன்னு எழுதிக்கிட்டா. 77 நவம்பர்ல நாகப்பட்டினத்துல அடிச்ச புயலைத்தான் சொல்றாங்கன்னு அவளுக்கே தெரிஞ்சிருக்கு. தாத்தாவுக்கு 48. "ரத்தமா போச்சு, சோறு எறங்கல. பங்காளி செய்வினை வச்சுட்டான்னு அய்யனாருக்கு ரெண்டு குதிரை செஞ்சு வச்சோம்." அத்தை போனது "சுனாமி வந்த மூணாம் வருஷம்". அது 2007. தாத்தாவோட அக்கா ஒருத்தி, திருத்துறைப்பூண்டிப் பக்கம் வாக்கப்பட்டவ, "நாலு பிள்ளை பெத்தவ, வயித்துக்கட்டியில போனா". அந்தப் பேரை எங்க வீட்ல யாரும் அதுவரைக்கும் கேட்டதே இல்ல.

தாளைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருந்தேன். எங்க வீட்ல பங்காளி செத்தா பதினாறு நாள் தீட்டு. கட்டிக்கொடுத்த பொண்ணு செத்தா மூணு நாள். மூணு நாள் தீட்டுக்காரங்க பேரெல்லாம் மூணு தலைமுறையில அழிஞ்சு போயிருக்கு. நோயோ சரிபாதி அவங்க வழியாத்தான் போயிருக்கு.

இதே மாதிரி தாள் போட்டவங்க இங்க யாராவது இருக்கீங்களா?

கோரையாறு:

இருக்கோம். மன்னார்குடி. எங்க கதை உல்டா. என் தம்பிக்கு 17 வயசுல கொலோனோஸ்கோபி (குடலுக்குள்ள கேமரா விட்டுப் பார்க்குறது) பண்ணினாங்க, உள்ள நூத்துக்கணக்குல பாலிப், குட்டிக் குட்டிச் சதை முளை. சம்பா நாத்து மாதிரி நெருக்கமா இருந்துச்சுன்னு டாக்டரே சொன்னார். எஃப்ஏபின்னு பேரு, ஏ.பி.சி.ங்கற ஜீன் கெட்டா வர்றது. விட்டா நாப்பது, அம்பது வயசுக்குள்ள ஏறக்குறைய நிச்சயமா புற்றுநோய் ஆகிடும்னு பெருங்குடலையே எடுத்துட்டாங்க. இப்ப நல்லா இருக்கான், ஒரு நாளைக்கு நாலஞ்சு தடவை வெளிய போகணும், அவ்வளவுதான். பஸ்ல தூரப் பயணம்னாதான் முகம் சுருங்கும்.

எங்க குடும்பத்துல அதுவரைக்கும் யாருக்கும் கிடையாது. உடனே அப்பா வீட்டுச் சனம் எங்கம்மாவைப் பிடிச்சுக்கிச்சு. "உங்க வழியிலதான் ஏதோ இருக்கு." ரெண்டு வருஷம் கேட்டுக்கிட்டே இருந்தாங்க எங்கம்மா. அப்புறம் அப்பா, அம்மா ரெண்டு பேர் ரத்தத்தையும் பார்த்தா, ரெண்டு பேருக்கும் இல்ல. தம்பிகிட்டதான் புதுசா உண்டானது. இந்த நோய்க்காரங்கள்ல ஏறக்குறைய நாலுல ஒருத்தருக்கு அப்படித்தானாம். அந்த ரிப்போர்ட்டை எங்கம்மா லேமினேட் பண்ணி வச்சிருக்காங்க. சும்மா சொல்லல, நிஜமாவே லேமினேட்.

பம்புசெட்:

எல்லாரும் ஜீன் ஜீன்னு சொல்றீங்க. வயல்ல அடிக்கிற மருந்தைப் பத்தி ஒருத்தரும் வாய் திறக்கல. எங்க தெருவுல மட்டும் நாலு பேருக்குப் புத்துநோய்.

குடமுருட்டிக்கரை:

மருந்து நல்லதுன்னு நான் சொல்லவே இல்லங்க. ஆனா எங்க பெரிய அத்தை (தாத்தாவோட அக்கா) வேற ஊருத் தண்ணி, அத்தை வேற ஊருத் தண்ணி. ஒரே வயசுக்கட்டத்துல ரெண்டு பேரும் போயிருக்காங்க. எங்கம்மா அதே வயல்ல நாப்பது வருஷமா நாத்து நடுறாங்க, அவங்களுக்கு ஒண்ணும் இல்ல.

கலவன்பிடுங்கி:

நான் திருவாரூர்க்காரன். வெளியூரில் ஒரு மரபணு ஆய்வகத்தில் இந்த வேலைதான் செய்கிறேன். பம்புசெட் அண்ணன் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. பெருங்குடல் புற்றுநோய்களில் பெரும்பாலானவை பரம்பரையாக வருபவை அல்ல. தெளிவாக ஒரே ஜீனால் வருவது நூற்றுக்கு ஐந்து அளவில்தான் இருக்கும். ஆனால் அந்த ஐந்து பேருடைய வீடுகளில் இழவு திரும்பத் திரும்ப விழுகிறது.

என் பெயரைப் பார்த்தாலே புரிந்திருக்கும். விதைநெல் வயலில் வேறு ரகச் செடி கலந்து முளைத்திருந்தால், அந்தக் கலவனைத் தேடிப் பிடுங்குவோம் இல்லையா? உடம்பில் ஒரு செல் இரண்டாகும்போது அறுநூறு கோடி எழுத்துகளைப் படியெடுக்க வேண்டும். பிழை வரத்தான் செய்யும். அந்தப் பிழையைத் தேடிப் பிடுங்குகிற ஆட்கள்தான் எம்எல்எச்1, எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6, பிஎம்எஸ்2. அண்ணனின் கட்டியில் பார்த்த நாலு புரதமும் இவைதான். எம்எஸ்எச்2 இல்லாவிட்டால் எம்எஸ்எச்6 தனியாக நிலைக்காது, அதனால்தான் இரண்டும் ஒன்றாகக் காணாமல் போயிருக்கின்றன. இந்தக் கோளாறோடு பிறப்பவர்களுக்கு அந்த ஜீனின் இரண்டு பிரதிகளில் ஒன்று பிறக்கும்போதே கெட்டிருக்கும். குடலில் ஏதோ ஒரு செல்லில் இன்னொன்றும் கெட்டால் அந்த வயலில் கலவன் பிடுங்க ஆளே இல்லை. ஒரே எழுத்து வரிசையாகத் திரும்பத் திரும்ப வரும் இடங்களில்தான் முதலில் தடுமாறும். 1993இல் எம்எஸ்எச்2வைக் கண்டுபிடிக்கத் துப்புக் கொடுத்ததே அந்தத் தடுமாற்றம்தான்.

குடமுருட்டிக்கரை அக்கா எழுதியதைப் படித்ததும் ஒரு தையற்காரப் பெண் நினைவுக்கு வந்தார். 1895இல் அமெரிக்காவின் மிச்சிகனில் ஆல்டிரெட் வார்தின் என்ற நோய்க்கூறு மருத்துவரிடம் அவர் சொன்னாராம்: எங்கள் வீட்டில் எல்லாரும் குடலிலோ வயிற்றிலோ கருப்பையிலோ கட்டி வந்துதான் சாகிறார்கள், நானும் அப்படித்தான் போவேன் என்று. வார்தின் அதை அழுகையென்று ஒதுக்காமல் குறித்துக்கொண்டு, 1913இல் அந்தக் குடும்பத்தைப் பற்றி எழுதினார். அந்தப் பெண்ணும் பின்னாளில் கருப்பைப் புற்றுநோயில்தான் இறந்தார். பின்னாளில் இந்த நோய்க்கே பெயராகிப்போன ஹென்றி லிஞ்ச் என்ற மருத்துவர் 1966இல் மேலும் இரண்டு குடும்பங்களை எழுதியபோதும் பலர் நம்பவில்லை. தையற்காரரின் குடும்பத்தில் எந்த ஜீன் என்று 2000இல்தான் தெரிந்தது. அதுவும் எம்எஸ்எச்2. சொன்னது அதற்கு 105 ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு பெண். உங்கள் அப்பாயியும் அதே வேலையைத்தான் போனில் செய்திருக்கிறார்.

எங்கள் பக்கத் தலைவலி ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ரிப்போர்ட்டில் சில சமயம் 'பொருள் தெளிவாகாத மாற்றம்' என்று வரும். உலகத் தரவுத்தளங்களில் ஐரோப்பியர்களின் மரபணுதான் குவிந்து கிடக்கிறது, நம்மவர்களுடையது சொற்பம். அதனால் நம் ஊர் ஆளிடம் ஒரு எழுத்து மாறியிருந்தால் அது நோயா, சும்மா மூக்கு நீளம் மாதிரி ஒரு வித்தியாசமா என்று சொல்ல முடியாமல் போகிறது. நீடாமங்கலம் பக்கத்துக் குடும்பம் ஒன்றில் அப்படித்தான் மாட்டிக்கொண்டோம். நோய் வந்த சித்தப்பா, நோயே வராத 78 வயதுப் பெரியப்பா இரண்டு பேரிடமும் ரத்தம் கேட்டேன். பெரியப்பா, "எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே, என் ரத்தம் எதுக்குத் தம்பி?" என்றார். ஒன்றும் இல்லாத ரத்தம்தான் ஐயா எனக்கு வேண்டும், அதே மாற்றம் உங்களிடமும் இருந்தால் அது நோய்க்குக் காரணமாக இருக்க வாய்ப்புக் குறைவு என்று சொல்லிப் புரியவைக்க ஒரு மத்தியானம் ஆனது, இரண்டு டம்ளர் மோரோடு.

தாளடி:

நான் ஒண்ணு கேக்கணும். எனக்குக் கல்யாணம் ஆனது சொந்த அத்தை மகனோட. எங்கப்பாவுக்குக் குடல்ல வந்து 47ல போயிட்டாங்க. மாமியாருக்கு, அதாவது அத்தைக்கு, போன வருஷம் கர்ப்பப்பையை எடுத்தாங்க, புத்துன்னு சொன்னாங்க. இவ்வளவு நாள் ரெண்டையும் தனித்தனியா நெனச்சுட்டேன். எனக்கு ஆறு வயசுப் பையன். உடம்புல காபி கொட்டின மாதிரி ரெண்டு மச்சம் இருக்கு. பயப்படணுமா?

கலவன்பிடுங்கி:

தங்கச்சி, ஒன்றிரண்டு காபி நிற மச்சம் எத்தனையோ குழந்தைகளுக்கு உண்டு, அதை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம். ஆனால் இதைத் தள்ளியும் போடாதீர்கள். உங்கள் அப்பாவிடமும் அத்தையிடமும் இருந்தது ஒரே கெட்ட பிரதி என்றால், உங்களுக்கு அது வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. உங்கள் வீட்டுக்காரருக்கும் அப்படியே. இரண்டு பேருக்கும் இருந்தால் மட்டும், ஒவ்வொரு குழந்தைக்கும் நாலில் ஒரு பங்கு இரண்டு பிரதியும் கெட்டே பிறக்க வாய்ப்பு உண்டு. அது லிஞ்ச் இல்லை, வேறு நோய். சிறுவயதிலேயே ரத்தப் புற்றுநோய், மூளைக் கட்டி, குடல் கட்டி என்று வரலாம், நீங்கள் சொன்ன காபி நிற மச்சமும் அதில் வருவதுண்டு. முறைப்பெண் கட்டும் ஊரில் இதைக் கேட்காமல் விடக் கூடாது.

அதனால் முதலில் அத்தை. அவர்களின் கட்டி மெழுகில் பத்திரமாக இருக்கும், அதில் அந்த நாலு புரதத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். ஏதாவது இல்லை என்று வந்தால் அத்தையின் ரத்தம், அப்புறம் நீங்கள் இரண்டு பேர். ஒரு வீட்டில் எந்த இடத்தில் பிழை என்று தெரிந்துவிட்டால், மற்றவர்களுக்கு அந்த ஒரு இடத்தை மட்டும் பார்த்தால் போதும், செலவும் வெகுவாகக் குறையும். பையன் விஷயத்தை அதற்கப்புறம் ஆலோசகரோடு உட்கார்ந்து பேசலாம்.

தாளடி:

அத்தைகிட்ட எப்படிக் கேக்குறது? "நான் என்ன நோயை உன் வீட்டுக்குக் கொண்டாந்தேனா"ன்னு எடுத்துக்குவாங்க.

கோரையாறு:

எங்கம்மாவை வேணும்னா பேச அனுப்புறேன். லேமினேட்டோட.

பம்புசெட்:

கண்டுபிடிச்சு என்ன ஆகப் போவுது, அதைச் சொல்லுங்க. ஜீனை மாத்தவா முடியும்?

கலவன்பிடுங்கி:

மாற்ற முடியாது அண்ணே. பாலிப்பாக இருக்கும்போதே எடுக்கலாம். இருபது, இருபத்தைந்து வயதிலிருந்தே ஒன்றிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கொலோனோஸ்கோபி பார்க்கச் சொல்கிறார்கள். பின்லாந்தில் லிஞ்ச் குடும்பங்களை 15 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள், மூன்றாண்டுக்கு ஒருமுறை பார்த்தவர்களிடமே புற்றுநோய் பாதிக்கும் மேல் குறைந்திருந்தது. ஆஸ்பிரின் ஆய்வு ஒன்றும் உண்டு, 861 பேர். பத்தாண்டு தொடர்ந்து கவனித்ததில், தொடக்கத்தில் சில ஆண்டுகள் ஆஸ்பிரின் எடுத்தவர்களில் நூற்றுக்கு 9 பேருக்கும், எடுக்காதவர்களில் 13 பேருக்கும் குடல் புற்றுநோய் வந்தது. அதற்காக நாளைக்கே மெடிக்கலில் வாங்கிப் போட்டுவிடாதீர்கள், வயிற்றுப்புண்காரர்களுக்கு ரத்தம் கொட்டும். டாக்டரைக் கேட்டுத்தான்.

பம்புசெட்:

சரி. எங்க தெருவுல நாலு பேருன்னேன்ல. ரெண்டு பேரு அண்ணன் தம்பி.

குடமுருட்டிக்கரை:

நான் மறுபடியும் வர்றேன். எனக்கு ரிசல்ட் வந்துடுச்சு. இல்ல. அண்ணனுக்கு இருக்கு, எனக்கு இல்ல. அன்னிக்கு ராத்திரி சந்தோஷமா இருக்க முடியல. அண்ணியைப் பார்க்கவே கூச்சமா இருந்துச்சு. அண்ணனே, "ஒருத்தராவது தப்பிச்சோமே, மூஞ்சியத் தொங்கப் போடாத"ன்னு திட்டினான்.

பாக்கி இருக்கிறது அத்தை மகன். பட்டுக்கோட்டையில இருக்காரு. அத்தைக்குச் சொத்துல பங்கு இல்லைன்னு எங்க வீட்டு ஆம்பளைங்க சொன்னதிலேருந்து ஒன்பது வருஷமா பேச்சுவார்த்தை கிடையாது. நம்பரைத் தேடி எடுக்கவே ரெண்டு நாள் ஆச்சு. போன் எடுத்ததும், "என்ன, அப்பாயி போயிட்டாங்களா?"ன்னாரு.

இல்ல மச்சான்னேன். விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல.

"நெலத்துல இல்லாத பங்கு இதுல மட்டும் உண்டா?"ன்னு கேட்டாரு.

எனக்குப் பதில் வரல. கோவமா சொன்னாரா, சிரிச்சுக்கிட்டே சொன்னாரான்னு இப்பவும் தெரியல. அப்புறம் அவரே, "எந்த ஆஸ்பத்திரி, வெறும் வயித்துல வரணுமா?"ன்னாரு. சாப்பிட்டுட்டே வரலாம்னு சொன்னேன். வியாழக்கிழமை வர்றாரு. அப்பாயி அவருக்காகக் கெளுத்தி மீன் வாங்கி வைக்கச் சொல்லியிருக்காங்க.