பாஸ்டன்காரர்கள் நடுவில் யாங்கீஸ் தொப்பி போடலாமா?

நொய்யல்கரை (திருப்பூர்):

வணக்கமுங்க. பேஸ்பால் பார்க்கிறவர்கள் நம்ம பக்கத்தில் குறைவுதான், ஆனாலும் இங்கே நாலு பேராவது இருப்பீர்கள் என்று நம்பிக் கேட்கிறேன். தங்கச்சி பாஸ்டனில் இருக்கிறாள். வருகிற செப்டம்பரில் அப்பாவைக் கூட்டிக்கொண்டு அங்கே போகிறேன், நாங்கள் இருக்கிற சமயத்தில்தான் நியூயார்க் யாங்கீஸ் டீம் பாஸ்டனின் ஃபென்வே பார்க் மைதானத்துக்கு வந்து ஆடுகிறது. நான் யாங்கீஸ் ரசிகன். பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை, நியூயார்க் பையர்களோடு பேசிப் பேசியே அந்த டீம் மேல் பிடிப்பு வந்துவிட்டது. அங்கே ராத்திரி ஏழு மணி ஆட்டம் என்றால் நமக்கு விடிகாலை நாலரை, எழுந்து பார்த்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவேன்.

அப்பாவுக்குக் கிரிக்கெட் உயிர். 2025-இல் திருப்பூர் தமிழன்ஸ் டிஎன்பிஎல் கோப்பை வாங்கியபோது தெருவில் எல்லாருக்கும் லட்டு கொடுத்தவர். "நீ தூக்கம் கெட்டுப் பார்க்கிறதை நானும் ஒருதரம் நேரில் பார்க்கிறேன்" என்கிறார். வயது எழுபதை நெருங்குகிறது, சர்க்கரை உண்டு, சைவம். எனக்கு யாங்கீஸ் தொப்பியோடு போகத்தான் ஆசை, தங்கச்சி வேண்டவே வேண்டாம் என்கிறாள். போய்ப் பார்த்தவர்கள் சொல்லுங்க, தொப்பி போடலாமா, எந்தப் பக்கம் உட்காருவது, பெரியவரை வைத்துக்கொண்டு ராத்திரி ஆட்டம் சரிப்படுமா?

கோபிக்காரன்:

தம்பி, நான் ரொம்ப வருசமாக பாஸ்டன் பக்கம்தான் இருக்கிறேன், அதுவும் பாஸ்டன் டீமான ரெட் சாக்ஸின் ரசிகன். தொப்பியைப் போட்டுக்கொண்டு தாராளமாக வாங்க. பேஸ்பாலில் வெளியூர் ரசிகர்களுக்கென்று தனியாக அடைத்துவைத்த பகுதி எதுவும் கிடையாது, எல்லாரும் கலந்துதான் உட்காருவார்கள், யாங்கீஸ் வருகிற அன்றைக்கு நியூயார்க் சட்டைகள் மைதானம் முழுக்கவே தெரியும். நீங்கள் தனியாள் இல்லை.

கேலி இருக்கும், அதை மறைக்க மாட்டேன். யாங்கீஸைத் திட்டுகிற கோஷம் ஒன்று உண்டு, யாங்கீஸ் ஊரிலேயே இல்லாத நாளில்கூட அதைப் போடுவார்கள். யாங்கீஸ் வீரர் ஆரன் ஜட்ஜ் பேட்டோடு வந்தால் கூட்டமே கத்தும். இதற்குப் பின்னால் பெரிய கதை இருக்கிறது, அப்பாவுக்கு விமானத்தில் சொல்லிக்கொண்டே போங்க. பாஸ்டன் 1918-இல் சாம்பியன். அடுத்த வருச சீசன் முடிந்ததும் பேப் ரூத்தை யாங்கீஸுக்கு விற்றார்கள். அப்புறம் 2004 வரை ஒரு கோப்பை இல்லை, 86 வருசம், அதற்குள் யாங்கீஸ் 26 கோப்பை எடுத்துவிட்டது. 2004-இல் அதே யாங்கீஸோடு ஏழு ஆட்டத் தொடரில் முதல் மூன்றையும் தோற்றுவிட்டு அடுத்த நாலையும் ஜெயித்தோம், பேஸ்பாலில் அதற்கு முன்னால் யாரும் அப்படிச் செய்ததில்லை. எங்க ஆட்கள் கத்துவது அந்த வலியும் சந்தோசமும் சேர்ந்துதான்.

இடத்துக்கு வருகிறேன். ஃபென்வேயில் வெளியூர் அணி உட்காருவது மூன்றாம் பேஸ் பக்கம், அதாவது பேட் பிடிக்கிற இடத்திலிருந்து மைதானத்தைப் பார்த்தால் இடது பக்கம், அங்கே டிக்கெட் எடுங்க. உங்க ஆட்களும் அக்கம்பக்கத்தில் இருப்பார்கள், இடதுபுறம் இருக்கிற 37 அடி உயரப் பச்சைச் சுவரும் பக்கத்தில் தெரியும். அந்தச் சுவரின் அடியில் ஸ்கோர் பலகையை இன்றைக்கும் ஆள் உள்ளே நின்று கையால்தான் மாற்றுகிறார்கள், அப்பாவுக்குக் கட்டாயம் காட்டுங்க. வெளி மைதானத்துக்குப் பின்னால் இருக்கிற பிளீச்சர் பகுதி வேண்டாம், குடித்துவிட்டுச் சத்தம் போடுகிறவர்கள் அங்கேதான் அதிகம். இன்னொன்று, மைதானம் 1912-இல் கட்டியது, கூரை உள்ள கிராண்ட்ஸ்டாண்டில் தூண்கள் பார்வையை மறைக்கும், மர இருக்கைகள் ரொம்பக் குறுகல். டிக்கெட் எடுக்கும்போதே மறைக்குமா என்று பார்த்துக்கொள்ளுங்க.

காளிங்கராயன் கரை (ஈரோடு):

கோபி அண்ணா சொல்வது எல்லாம் சரிதானுங்க, ஆனால் தொப்பி விசயத்தில் நான் தங்கச்சி பக்கம். தனியாகவோ நண்பர்களோடோ போனால் போடட்டும், எழுபது வயசுக்காரரோடு போகும்போது எதற்கு? 2011-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர் மைதானத்தில் சீசனின் முதல் நாள் ஆட்டம் முடிந்து வெளியே வந்த சான்ஃபிரான்சிஸ்கோ ரசிகர் ஒருவரைக் கார் நிறுத்துமிடத்தில் அடித்ததில், அவர் மூளை பாதிக்கப்பட்டு இன்றைக்கும் முழுசாக மீளவில்லை. அவர் யாரையும் வம்புக்கு இழுக்கவில்லை, எதிரணிச் சட்டை போட்டிருந்தார், அவ்வளவுதான். அப்படி அடிக்கடி நடக்காது என்று எனக்கும் தெரியும். ஆனால் நடந்தது மைதானத்துக்குள்ளே இல்லை, வெளியே, இருட்டில், ஆட்டம் முடிந்த பிறகு. உள்ளே போட்டுக்கொள்ளுங்க, எழுந்து கிளம்பும்போது பைக்குள் வைத்துவிடுங்க. அதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை.

பேரூர் அக்கா (கோவை):

தம்பி, நான் சிகாகோவில் மகன் வீட்டில் இருந்தபோது சிகாகோ கப்ஸ் டீமின் ரிக்லி ஃபீல்டு மைதானத்துக்கு, எதிரணியான செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸின் சிவப்புச் சட்டையோடு போனவள், அங்கேயும் இதே மாதிரிப் பகைதான். எதிரணி அடித்த ஹோம் ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி) பந்து கூட்டத்துக்குள் விழுந்தால் அதைப் பிடித்தவர் திரும்ப மைதானத்துக்குள்ளேயே எறிந்துவிட வேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம், எறிகிற வரைக்கும் சுற்றியிருப்பவர்கள் விட மாட்டார்கள். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் என்னிடம் நடந்துகொண்டது முழுக்க வேறு. நான் ஒருத்தி புடவைக்கு மேலே சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டு, எந்த ஊர், எப்படி இந்த டீம் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள், தோலோடு வறுத்த கடலைக்காயைப் பொட்டலத்தோடு நீட்டினார்கள். அதனால் தொப்பி போடுங்க என்றுதான் சொல்வேன். வாய்த்தகராறுக்கு மட்டும் பதில் சொல்லாதீங்க, சிரித்துவிட்டுத் திரும்பிக்கொண்டால் அதோடு முடிந்துவிடும்.

அப்பாவுக்கு முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டியது ஒன்று. இதில் டாஸ் கிடையாது, வெளியூர் அணிதான் எப்போதும் முதலில் பேட்டிங். கடைசிச் சான்ஸ் உள்ளூருக்கு. கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸில் நாம் முன்னால் இருந்தாலும் மூன்று அவுட் எடுக்கிற வரை ஜெயித்த மாதிரி இல்லை, சுற்றி முப்பதாயிரம் பேர் நின்று கத்துவார்கள், பந்து போடுகிற நம்ம பிட்சர் ஒருத்தர் அத்தனை பேருக்கும் நடுவில் நிற்பார். கடைசி ஓவரில் ஸ்கோரைக் காப்பாற்றுகிற டீமின் தவிப்பு கிரிக்கெட் பார்க்கிறவருக்கு உடனே பிடிபடும். வெளியூர் ரசிகராக நான் அனுபவித்ததிலேயே பெரிய சந்தோசம் அந்த மூன்றாவது அவுட்டில் அந்தப் பெருங்கூட்டம் அப்படியே அடங்குகிறதுதான். உள்ளூர் ரசிகருக்கு இது கிடைக்கவே கிடைக்காது.

நேரம் பற்றிப் பயப்பட வேண்டாம். 2023-இல் பிட்சர் பந்து போடக் கடிகாரம் வைத்த பிறகு மூன்று மணி நேரத்துக்கு மேல் இழுத்துக்கொண்டிருந்த ஆட்டம் பெரும்பாலும் இரண்டே முக்கால் மணி நேரத்துக்குள் முடிகிறது. சாப்பாடுதான் யோசிக்க வேண்டும், கடலை, பிரெட்ஸல் தவிரச் சைவம் தேடித்தான் எடுக்க வேண்டும். தங்கச்சி வீட்டில் நேரத்தோடு சாப்பிட வைத்துவிட்டுக் கூட்டிப் போங்க. மாத்திரையைக் கையில் வைத்துக்கொள்ளுங்க.

நொய்யல்கரை (திருப்பூர்):

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். மூன்றாம் பேஸ் பக்கமே எடுக்கிறேன். தொப்பி உள்ளே போடுகிறேன், வெளியே வரும்போது ஈரோட்டு அண்ணா சொன்னபடி கழற்றிவிடுகிறேன், தங்கச்சியும் இதற்குச் சம்மதித்துவிட்டாள். அப்பா ஒரு கேள்வி கேட்கச் சொன்னார், வீரர்களைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வழி உண்டா? மழை வந்தால் என்ன செய்வார்கள்?

கோபிக்காரன்:

உண்டு தம்பி, அதுவும் இந்த விசயத்தில் வெளியூர் ரசிகருக்குத்தான் யோகம். ஆட்டத்துக்கு முன்னால் பேட்டிங் பயிற்சி நடக்கும், முதலில் உள்ளூர் அணி, பிறகு வெளியூர் அணி. கேட் திறக்கும்போது பல நாளில் எங்க ஆட்கள் முடித்துக்கொண்டு உள்ளே போயிருப்பார்கள், உங்க ஆட்கள் அடித்துக்கொண்டிருப்பார்கள். திறந்ததுமே உள்ளே போய் மூன்றாம் பேஸ் பக்கம் கீழே இறங்கி நில்லுங்க. பகல் ஆட்டமாக இருந்தால் பயிற்சி இல்லாமலும் போகும்.

மழை பெய்தால் காத்திருப்பார்கள், ரொம்பப் பெய்தால் தள்ளிவைப்பார்கள், அந்த டிக்கெட் மறு ஆட்டத்துக்குச் செல்லும். ஒரே இரண்டு அணிகள் அதே மைதானத்தில் மூன்று நாலு நாள் தொடர்ந்து ஆடும், அதனால் தொடரின் முதல் நாளுக்கு எடுத்தால் தள்ளிப்போனாலும் நீங்கள் ஊரில் இருக்கும்போதே ஆட வாய்ப்பு உண்டு. கார் வேண்டாம், கிரீன் லைன் ரயிலில் கென்மோர் ஸ்டேசனில் இறங்கினால் நடந்துவிடலாம். செப்டம்பர் ராத்திரி குளிரும், அப்பாவுக்கு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்க.