வெள்ளைக்கோட்டுக்கு வெளியே மூன்று அடியாம்!

மூன்றாம்கட்டை:
பேராக் மாநிலம் முழுக்க சைக்கிள் ஓட்டப் பாதுகாப்பான பாதை வேண்டும் என்று ஒரு மனு சுற்றிக்கொண்டிருக்கிறது அல்லவா? அதற்கு ஈப்போ_பெடல் நேற்று நம் சுங்கை சிப்புட் ஊர்ப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் எழுதிய பதிலை அப்படியே போடுகிறேன். பிறகு நான் திரித்தேன் என்று சொல்லக் கூடாது. ‘பாதை கேட்பது வீண் செலவு. சுங்கை சிப்புட்டில் ரோட்டோர வெள்ளைக்கோட்டுக்கு வெளியே மூன்று அடி இடம் இருக்கிறது. ஓட்டத் தெரிந்தவனுக்கு அது போதும்.’

மூன்று அடியாம். படித்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை. என் அப்பா ரப்பர் பால் வெட்டி முடித்து, குளித்துவிட்டு, என்னைச் சைக்கிள் பாரில் உட்கார வைத்து இதே ரோட்டில் டவுனுக்கு மிதித்தவர். இந்த ரோட்டின் ஓரம் எனக்குத் தெரியாதா? நேற்று சாயங்காலமே வீட்டுக்காரியின் தையல் டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்தேன். ஒன்றரை அடி. அதிலும் அரை அடி லாலாங் புல். அதைத் தாண்டினால் லோங்காங், சாக்கடை. என் சைக்கிளின் ஹேண்டில்பாரே இரண்டு அடி. மீதி அரை அடியை எங்கே வைப்பது, தலையிலா?

ஈப்போ_பெடல்:
வணக்கம் அண்ணே. நான் வாரம் தவறாமல் ஈப்போவிலிருந்து கோலகங்சார் போய்த் திரும்புகிறவன். கிட்டத்தட்ட நூறு கிலோமீட்டர். கார் கண்ணாடிக்குள் உட்கார்ந்து பேசுகிறவன் இல்லை. மூன்று அடி இருக்கிறது. நீங்கள் எந்த இடத்தில் அளந்தீர்கள்? பாலத்துக்குப் பக்கத்தில் அளந்தால் எந்த ரோடும் குறுகலாகத்தான் காட்டும். அப்புறம், பழைய தையல் டேப் இழுபட்டு நீண்டுபோகும். நீண்ட டேப் குறைத்துக் காட்டும். அண்ணியிடம் கேட்டுப் பாருங்கள்.

மூன்றாம்கட்டை:
பழியை டேப்பின் மேல் போட்டாயா, சரி. மூன்று அடி ஒன்றரை அடியாகத் தெரிய வேண்டுமானால் டேப் இரண்டு மடங்கு நீண்டிருக்க வேண்டும். அப்படியானால் எங்கள் வீட்டில் தீபாவளிக்குத் தைத்த ஜாக்கெட்டெல்லாம் யானைக்குத்தான் பொருந்தும்.

அளந்தது பாலத்தில் இல்லை. பசார் முனையில், சந்தைப் பக்கம். நாலு இடத்தில் அளந்தேன். ஒன்றரை, ஒன்றரை, ஒன்றேகால், ஓர் இடத்தில் வெள்ளைக்கோடே இல்லை, தார் போட்டு மூடிவிட்டார்கள். அதை எத்தனை அடி என்று எழுதுவது?

தம்பி ஞாயிறு காலை ஆறரை மணிக்குப் பன்னிரண்டு பேர் கூட்டமாக வருவதை நானும் பார்த்திருக்கிறேன். பின்னால் ஒரு கார் விளக்கை மினுக்கிக்கொண்டு காவல் வரும். அந்த நேரத்தில் எனக்கும் ரோட்டோரம் மூன்று அடியாகத்தான் தெரியும், முப்பது அடியாகக்கூடத் தெரியும்.

செம்பனை_லோரி:
நான் செம்பனைக் குலை ஏற்றுகிற லோரி ஓட்டுகிறவன். எல்லோரும் எங்களைத்தான் திட்டுவீர்கள், அதனால் முன்னாடியே சொல்லிவிடுகிறேன். மேலே உட்கார்ந்து பார்த்தால் இடது பக்கத்தில் ஒட்டி வருகிற சைக்கிள் தெரியவே தெரியாது. மூன்று அடியோ ஒன்றரை அடியோ, நீங்கள் அந்த மூலைக்குள் வராதீர்கள்.

இன்னொன்று. 2023இல் இந்த நாட்டில் ரோட்டில் செத்தவர்கள் 6,443 பேர். பத்தில் ஆறு பேருக்கு மேல் மோட்டார் சைக்கிள்காரர்கள். அவர்களுக்கு அழ ஆள் இல்லை, சைக்கிளுக்கு மனுவா? கோலாலம்பூர்ப் பக்கத்துக் கூட்டரசு நெடுஞ்சாலையில் 1970களிலேயே மோட்டாருக்குத் தனித்தடம் போட்டார்கள். நம் ஊருக்கு அதைக் கேளுங்கள் முதலில்.

1941 டிசம்பரில் ஜப்பான்காரன் படையே சைக்கிளில்தான் இந்தப் பெரிய ரோட்டில் இறங்கியது. அவன் மனு போட்டா பாதை கேட்டான்?

மூன்றாம்கட்டை:
அவன் வந்தபோது எதிரே குலை லோரி வரவில்லை. அதுதான் அவன் சிங்கப்பூர் வரை போய்ச் சேர்ந்தான்.

ஈப்போ_பெடல்:
😂 இதில் அண்ணன் சொன்னது சரி.

மூன்றாம்கட்டை:
மற்றதில் சரியில்லையா? மூன்று அடியை விட்டுக்கொடுத்துவிட்டுச் சிரி.

லயத்துக்காரி:
ஒரு சந்தேகம், யாராவது பதில் சொல்லுங்கள். சைக்கிள்காரர் என்று நீங்கள் சொல்வது யாரை? ஹெல்மெட், கறுப்புக் கண்ணாடி, பளபளப்புச் சட்டையோடு ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்களையா? எங்கள் வரிசையில் சைக்கிள் ஓட்டுவது யார் தெரியுமா? ஆலையில் இரவு வேலை முடித்து வரும் வங்காளதேசப் பையன்கள். விளக்கு கிடையாது, கறுப்புச் சட்டை. அப்புறம் பள்ளிப் பிள்ளைகள். அப்புறம் என் அம்மா, வயது அறுபத்து நாலு, பின் கேரியரில் கீரைக் கட்டு. மோட்டார் ஓட்டப் பயம், லைசென்ஸும் இல்லை. முன்பு எல்லாரும் தோட்டத்துக்குள்ளேயே இருந்தோம், பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் இடத்துக்கு, நடந்தே போனோம். லயத்து வரிசை வீடுகளை இடித்துத் தாமான் குடியிருப்புக்கு அனுப்பிய பிறகுதான் கடைக்கும் வேலைக்கும் பெரிய ரோட்டைத் தாண்ட வேண்டியதாயிற்று. இவர்களில் யாருக்குப் பாதை? அதைச் சொல்லாமல் அடிக்கணக்குப் பேசி என்ன?

மூன்றாம்கட்டை:
நல்ல கேள்வி தங்கச்சி. எல்லாருக்கும்தான். ஆனால் முதலில் அந்த மூன்று அடி இருக்கிறதா இல்லையா என்று அவர் வாயால் சொல்லட்டும்.

தனித்தமிழ்_மன்றம்:
அன்பர்களே, சைக்கிள் என்று எழுதுவதைத் தவிர்க்கலாமே. மிதிவண்டி என்ற அழகான சொல் இருக்கிறது. ஈருருளி என்றும் சொல்லலாம். ரோடு அல்ல, சாலை.

செம்பனை_லோரி:
ஐயா, ஈருருளி என்றால் மோட்டாருக்கும் இரண்டு உருளிதானே?

தனித்தமிழ்_மன்றம்:
அது விசையுந்து.

செம்பனை_லோரி:
நான் ஓட்டுவது?

தனித்தமிழ்_மன்றம்:
சரக்குந்து. கேலிக்காகக் கேட்கிறீர்கள் என்று தெரியும்.

சாலைக்_கிராணி:
யாருக்காவது இது பயன்பட்டால் சரி. மனுவில் ‘மாநில அரசு உடனே பாதை போட வேண்டும்’ என்று எழுதியிருக்கிறார்கள். சுங்கை சிப்புட் டவுன் நடுவே போகும் பெரிய ரோடு மாநில அரசுடையதே இல்லை. அது கூட்டரசுச் சாலை எண் 1, அதாவது மத்திய அரசுடையது. கிலோமீட்டர் கல்லில் வெறும் எண் இருந்தால் கூட்டரசு, எண்ணுக்கு முன்னால் ‘ஏ’ எழுத்து இருந்தால் பேராக் மாநிலம். சிலாங்கூரில் ‘பி’, ஜொகூரில் ‘ஜே’. கடைத்தெருவின் உள்சாலை கோலகங்சார் நகராண்மைக் கழகம். தோட்டத்துச் சாலை கம்பெனியுடையது, அங்கே கேட் போட்டு மூடினாலும் கேட்க முடியாது. ஒரு பிள்ளை லயத்திலிருந்து பள்ளிக்கு மிதித்து வந்தால் நாலு பேருக்குச் சொந்தமான ரோட்டில் வருகிறது. மாநிலச் சாலைப் பராமரிப்புக்குக் கூட்டரசிலிருந்து மாரிஸ் மானியம் வருகிறது. அது குழி அடைக்க, புல் வெட்ட. புதுப் பாதைக்கு வேறு வழிதான் பார்க்க வேண்டும்.

ஒன்று மட்டும் சொல்கிறேன், பாதை எப்படிப் போடுவது என்று தெரியாமல் இல்லை. ஜேகேஆர் (பொதுப்பணித் துறை) வெளியிட்ட சைக்கிள் பாதை வடிவமைப்பு வழிகாட்டியே இருக்கிறது. அராஹான் தெக்னிக் ஜாலான் 10/86. 1986ஆம் ஆண்டுப் புத்தகம்.

மூன்றாம்கட்டை:
பார்த்தீர்களா! புத்தகம் போட்டு நாற்பது வருடமாகிறது. பாதை எங்கே என்று கேட்டால் மூன்று அடி இருக்கிறதே என்று ஒருவர் ஈப்போவிலிருந்து சொல்கிறார். கிராணி ஐயா, உங்களிடம் ஒரே கேள்வி. வெள்ளைக்கோட்டுக்கு வெளியே இருப்பது சைக்கிள் பாதையா?

சாலைக்_கிராணி:
இல்லை. அது ரோட்டின் தோள், பாஹு ஜாலான். வண்டி பழுதானால் ஒதுங்க, ரோட்டு விளிம்பு உடையாமல் தாங்க. சைக்கிள் ஓட்டக் கூடாது என்றும் இல்லை, சைக்கிளுக்காகப் போட்டதும் இல்லை. அகலம் இடத்துக்கு இடம் மாறும்.

ஈப்போ_பெடல்:
‘இடத்துக்கு இடம் மாறும்.’ இதைத்தான் நானும் சொன்னேன். மூன்று அடி உள்ள இடம் உண்டு.

மூன்றாம்கட்டை:
நீ சொன்னது ‘மூன்று அடி இடம் இருக்கிறது.’ மேலே போட்டிருக்கிறேன், படி. ‘சில இடத்தில்’ என்ற சொல் அதில் எங்கே? இப்படித்தான் கோயில் கூடாரத்துக் காசும். ‘தருகிறேன்’ என்றாய். எந்த வருடம் என்று சொல்லவில்லை.

ஈப்போ_பெடல்:
அண்ணே, கூடாரம் இங்கே எதற்கு? அந்தக் காசைப் பொருளாளர் கையில் கொடுத்தேன். ரசீது எழுதாதது என் தவறா? ரோட்டைப் பற்றிப் பேசுங்கள்.

லயத்துக்காரி:
ரோட்டைப் பற்றியே பேசுவோம். கோலாலம்பூரில் 2018இல் நீல வண்ணம் பூசிச் சைக்கிள் தடம் போட்டார்கள். அதன் மேல் காரை நிறுத்தினார்கள், மோட்டார் ஓட்டினார்கள். பூச்சு யாரையும் தடுக்காது. எனக்கு அடியும் வேண்டாம் கோடும் வேண்டாம். பசாரிலிருந்து பள்ளி வரைக்கும் வண்டிகள் மெதுவாகப் போனால் போதும். டவுனுக்குள் மணிக்கு அறுபது கிலோமீட்டர் என்பது சட்டம், பள்ளி முன் முப்பது. முப்பதில் இடித்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார்கள், அறுபதில் இடித்தால் பிழைப்பது அபூர்வம். ரோட்டில் மேடு போடுங்கள், முனையைக் குறுக்குங்கள், வேகம் தானாகக் குறையும். என் அம்மா பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடக்க ஐந்து நிமிடம் நிற்கிறார், கீரை வாடிவிடுகிறது.

செம்பனை_லோரி:
மேடு போட்டால் குலை சிந்தும். யார் பொறுக்குவது? ஆலைக்கு நேரத்துக்குப் போகவில்லை என்றால் எனக்குத்தான் கூலி வெட்டு. எல்லாரும் ரோட்டைக் குற்றம் சொல்கிறீர்கள். பிரேக் இல்லாத லாஜாக் சைக்கிளில் படுத்துக்கொண்டு ஓட்டுகிற பையன்களை என்ன செய்வது? 2017 பிப்ரவரியில் ஜொகூர் பாருவில் கார் மோதி எட்டுப் பையன்கள் செத்துப் போனார்கள், விடியற்காலை மூன்று மணி. அப்போது எத்தனை அடி இருந்தால் என்ன?

லயத்துக்காரி:
அண்ணே, அந்தப் பிள்ளைகளை இங்கே இழுக்காதீர்கள். ஆறு வருடம் வழக்கு நடந்தது, 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் காரை ஓட்டியவரை விடுதலை செய்தது. அது தனிக் கதை. என் அம்மா படுத்துக்கொண்டு ஓட்டவில்லை.

செம்பனை_லோரி:
உங்கள் அம்மாவைச் சொல்லவில்லை அக்கா. பொதுவாகச் சொன்னேன்.

லயத்துக்காரி:
பொதுவாகத்தான் எல்லாரும் சொல்கிறீர்கள்.

பழையவன்48:
சைக்கிள் என்றதும் ஞாபகம் வருகிறது. 1948 ஜூன் 16இல் எல்பில் தோட்டத்துத் துரையைச் சுட்டவர்களும் சைக்கிளில்தான் வந்தார்கள். கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக வெள்ளைக்காரன் அறிவித்த அவசரகாலமே நம் ஊரில்தான் பிறந்தது. ஊரின் வரலாறே சைக்கிளில்தான் ஓடியிருக்கிறது.

தனித்தமிழ்_மன்றம்:
மிதிவண்டியில்.

சாலைக்_கிராணி:
பெரியவரே, அரசியல் வேண்டாம், திரியை மூடிவிடுவார்கள்.

பழையவன்48:
வரலாறு எப்போது அரசியல் ஆனது? உங்கள் கிலோமீட்டர் கல் மட்டும் அரசியல் இல்லையா? யாருடைய ரோடு என்று பங்கு பிரித்ததே அரசியல்தான்.

மூன்றாம்கட்டை:
இரண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்கள். பேச்சு எங்கெங்கோ போகிறது, அவருக்கு அதுதான் வசதி. நான் கேட்டது ஒன்றுதான், இன்னும் பதில் இல்லை. இன்று காலையும் போய் அளந்தேன், இந்த முறை பள்ளிக்கூடத்துப் பக்கம். ஒன்றே முக்கால். அளந்துகொண்டிருக்கும்போது ஒரு வேன் என் முழங்கையை உரசிக்கொண்டு போயிற்று. மூன்று அடி இருந்திருந்தால் உரசியிருக்குமா? குனிந்து அளக்கிற கிழவனுக்கே இடம் இல்லை, மிதிக்கிறவனுக்கு எங்கே இருக்கும்?

ஈப்போ_பெடல்:
உரசியது வேன்காரன் தவறு. ரோட்டின் தவறா? நான் முதலிலிருந்தே அதைத்தான் சொல்கிறேன், ஒழுங்கு வேண்டும். அப்புறம், நேற்று ஒன்றேகால், ஒன்றரை என்றீர்கள், இன்று ஒன்றே முக்கால். ஒரே நாளில் ரோடு வளர்ந்துவிட்டதே அண்ணே! இன்னும் ஒரு வாரம் அளந்தால் மூன்று ஆகிவிடும்.

மூன்றாம்கட்டை:
கேலி பண்ணு. வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்குப் பசார் முனைக்கு வா. இரும்பு டேப் நீயே கொண்டு வா, தையல் டேப் மேல் பழி வேண்டாம். கிராணி ஐயா சாட்சி. கூடாரக் காசையும் கொண்டு வா.

சாலைக்_கிராணி:
என்னை இழுக்காதீர்கள். ஞாயிறு எனக்கு வேலை இருக்கிறது.

செம்பனை_லோரி:
ஞாயிறு காலை ரோடு காலியாகத்தான் இருக்கும். திங்கட்கிழமை மத்தியானம், ஆலைக்கு லோரி வரிசை நிற்கும்போது அளந்து பாருங்கள்.

ஈப்போ_பெடல்:
ஞாயிறு வருகிறேன். ஆனால் பசார் முனைக்கு இல்லை. பெட்ரோல் நிலையத்துக்கு எதிர்ப்பக்கம். அங்கே மூன்று அடி இருக்கிறது.