பொருள்: ஷியர் வாலுக்குத் தமிழ்ச் சொல், நாளை காலைக்குள்

மதுரையிலிருந்து:
அனைவருக்கும் வணக்கம். நாளை காலை தமிழ்வழிக் கட்டடப் பொறியியல் வகுப்பில் ஷியர் வால் (shear wall) பாடம், அதாவது கட்டடத்தைப் பக்கவாட்டில் தள்ளும் விசையைத் தாங்கும் சுவர். ஷியர் என்பது ஒரு பொருளின் அடுக்குகளை ஒன்றின்மேல் ஒன்று வழுகத் தள்ளும் விசை. எஃகுத் தகடும் இழை கலந்த கற்காரையும் (கான்கிரீட்டும்) சேர்ந்த சுவர் நிலநடுக்கத்தை எப்படித் தாங்குகிறது என்று நடத்த வேண்டும். கையேட்டில் 'துணிப்புச் சுவர்' என்று எழுதியிருந்தேன். ஒரு மாணவி, "துணித்துவிட்டால் அது எப்படி ஐயா நிற்கும்?" என்று கேட்டுவிட்டாள். எனக்குப் பதில் வரவில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து:
நாங்கள் ஷியரைக் கொய்வு என்றுதான் படித்தோம். ஆகவே கொய்வுச் சுவர். கொய்தல் பூப்பறிப்பது மட்டுமல்ல. சங்கப் பாட்டின் 'கொய்சுவல் புரவி' பிடரிமயிர் கத்தரித்த குதிரை. சேலையின் கொசுவமும் கொய்சகம்தான். கொசுவ மடிப்பை உள்ளங்கையில் வைத்து மேல் மடிப்பை மட்டும் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள், ஒன்றின்மேல் ஒன்று வழுகும். ஷியர் வேறென்ன? (கொய்யாப்பழத்தை இதில் சேர்க்க வேண்டாம், அது போர்த்துக்கீசியரோடு வந்த சொல்.)

சென்னையிலிருந்து:
கம்பி கட்டுகிறவரிடம் 'லிஃப்ட் சுவர்' என்றால் உடனே புரியும் (லிஃப்டைச் சுற்றி இதைத்தான் கட்டுகிறோம்), கொய்வு புரியாது. அதைவிட, ஆங்கிலப் பெயரே பொருத்தமில்லை. உயரமான சுவர் ஷியரில் உடையவே கூடாது. அடியில் வளைந்து, கம்பி நீண்டு, ஆட்டத்தின் ஆற்றலை வாங்கிக்கொள்ள வேண்டும். 2010 பிப்ரவரி 27 அன்று சிலியில் 8.8 அளவு நிலநடுக்கம். ஷியர் வால் வைத்த கட்டடங்களில் பெரும்பாலானவை நின்றன. ஆனால் கான்செப்சியோன் நகரில் ஆல்தோ ரியோ என்ற 15 மாடிக் குடியிருப்பு மல்லாந்து விழுந்தது, 8 பேர் இறந்தார்கள். வேறு பல கட்டடங்களில் மெல்லிய சுவர்களின் ஓரம் நொறுங்கிக் கம்பி வெளியே பிதுங்கியது. அந்த ஓரத்தைக் காக்கத்தான் எஃகும் இழையும். விரிசலின் இரு கரையையும் இழை இழுத்துப் பிடிக்கும். தகடு நெளியாமல் கான்கிரீட் பார்த்துக்கொள்ளும். 'விறைப்புச் சுவர்' என்று வையுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து:
வளைய வேண்டும் என்று நீங்களே சொல்லிவிட்டு விறைப்பு என்று பெயர் வைக்கலாமா?

மதுரையிலிருந்து:
மணி பதினொன்று ஆகிறது. தனிமடலில் வந்த மூவரும் கொய்வு பக்கம். 'கொய்வுச் சுவர் (ஷியர் வால்)' என்று அச்சுக்குக் கொடுக்கிறேன், வகுப்பில் மேல்துண்டை மடித்துக் காட்டுகிறேன். இழைக் கற்காரையா, நாரிழைக் கற்காரையா என்பது இன்னும் பாக்கி.

சென்னையிலிருந்து:
சரி, அச்சிடுங்கள். ஆனால் அந்தச் சுவர் கொய்வில் உடையக் கூடாது என்ற ஒரு வரியையாவது கீழே சேர்த்துவிடுங்கள். பெயரில் எனக்கு இன்னும் உடன்பாடில்லை.