லேராம்ட் (ஆசிரியர் படிப்பு) படிக்கிறவைக்கு 3 மாச வெளிநாடு, லண்டனில செய்யலாமா?

டோர்ட்முண்ட்_பிள்ளை:
வணக்கம் எல்லாருக்கும். நான் ஜேர்மனியில நோர்ட்ரைன் வெஸ்ட்ஃபாலன்ல லேராம்ட் படிக்கிறன், இங்கிலிஷும் கணக்கும், பச்சிலர் நாலாவது செமஸ்டர். மொழி படிப்பிக்கப் போறவை அந்த மொழி பேசுற நாட்டில ஆகக்குறைஞ்சது 3 மாசம் இருந்திருக்கோணும் எண்டு எங்கட மாநிலத்தில விதி இருக்கெல்லோ, அதை எங்க செய்யிறது எண்டுதான் குழப்பம். அம்மா சொல்லுறா லண்டனில சித்தி வீடு இருக்கு, வாடகை இல்லை சாப்பாட்டுக்கும் யோசிக்கத் தேவையில்லை, அங்கயே ஒரு பள்ளிக்கூடத்தில பிராக்டிகும் (வேலைப் பயிற்சி) எடன் எண்டு. அப்பா ரெஸ்டோரன்ட் கிச்சினில வேலை, அவரிட்ட காசு கேக்க மனமில்லை. எங்கட வீட்டில யூனிக்குப் போன முதல் ஆள் நான், கேக்கிறதுக்கும் ஆள் இல்லை. எராஸ்முஸ் (ஈயூவின்ர மாணவர் பரிமாற்ற உதவி), டிஏஏடி (ஜேர்மன் மாணவர் பரிமாற்ற அமைப்பு), பிஏடி (பள்ளிக்கூடப் பரிமாற்ற அலுவலகம்) எண்டு ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்டு சொல்லினம். செய்த ஆக்கள் ஆரும் இருந்தா சொல்லுங்கோ பிளீஸ்.

கோல்ன்_டீச்சர்:
தங்கச்சி, சித்தி வீட்டுக்கு லீவில போய் நிண்டு சாப்பிட்டு வாங்கோ, பிராக்டிகும் அங்க சரிவராது. பிரெக்ஸிட்டுக்குப் பிறகு ஜேர்மன் பாஸ்போர்ட்டோட இடிஏ (ஒன்லைனில எடுக்கிற பயண அனுமதி) எடுத்திட்டு 6 மாசம் வரைக்கும் விசிட்டரா நிக்கலாம், ஆனா விசிட்டரா வந்தவை பிராக்டிகும் செய்யக்கூடாது, சம்பளம் இல்லாட்டியும் அப்பிடித்தான். பிஏடி மூலம் மொழி உதவியாளரா போறதுக்கு வழி இருக்கு, கிழமைக்கு 12 மணித்தியாலம் அளவில வகுப்பு, மாசம் காசும் வரும், ஆனா அது கிட்டத்தட்ட ஒரு பள்ளிக்கூட வருஷம், அதோட அங்க நீங்க படிப்பிக்கிறது ஜேர்மன்.

என்னைக் கேட்டா அயர்லாந்து. ஈயூக்குள்ள இருக்கு, விசாச் சோலி இல்லை, எராஸ்முஸ் பிராக்டிகும் எண்டு பதிஞ்சா ஆகக்குறைஞ்சது 2 மாசம் நிண்டாலே காசு தருவினம். நீங்க 3 மாசமாப் போட்டா பிராக்டிகுமும் விதியும் ஒரே போக்கில முடியும். இன்னொண்டு, இதை ஏன் ஒருத்தரும் பிள்ளையளுக்குச் சொல்லுறேல்லையோ தெரியாது, அப்பா அம்மா யூனி படிக்காத பிள்ளையளுக்கு எராஸ்முஸில மாசம் 250 யூரோ மேலதிகமாக் குடுக்கினம். எங்கட பிள்ளையளில கனபேருக்கு அது கிடைக்கும், ஆனா நீங்கதான் கேக்கோணும், தானா வராது. பிறகு அவுஸ்லான்ட்ஸ் பாஃபோக், அதாவது வெளிநாட்டில படிக்கிறதுக்கு அரசாங்கம் குடுக்கிற படிப்பு உதவிக் காசு. இங்க பாஃபோக் கிடைக்காதவைக்கும் வெளிநாட்டுக்கு எண்டா கிடைக்கச் சான்ஸ் இருக்கு, நாட்டுக்கு நாடு வேற அலுவலகம், ஆறு மாசம் முன்னமே போடுங்கோ.

எஸன்_குமரன்:
அக்கா சொன்னது சரி ஆனா காலம் பாக்கோணும். எல்லாரும் லெக்சர் இல்லாத ஆகஸ்ட் செப்டெம்பர்லதான் போகப் பாக்கிறவை, அயர்லாந்தில செகண்டரி பள்ளிக்கூடம் ஜூன் தொடக்கத்தில பூட்டினா ஆகஸ்ட் கடைசியிலதான் திறக்கும், பேந்து என்ன பிராக்டிகும். பெப்ரவரில போறதுதான் புத்தி, ஏப்ரல்ல இங்க லெக்சர் தொடங்கிடும் அதால கொஞ்சம் இடிக்கும், அதுக்கு உர்லாவுப்ஸ்செமஸ்டர் (யூனியில இருந்து ஒரு செமஸ்டர் லீவு) எடுக்கலாம்.

நான் போனது டிஏஏடியின்ர லேராம்ட் இன்டர்நேஷனல் ஸ்டிப்பெண்டியத்தில (உதவித்தொகை), நான் போன நேரம் அது லேராம்ட் ஆக்களுக்கெண்டே இருந்தது, 1 மாசத்தில இருந்து 6 மாசம் வரைக்கும். தென்னாபிரிக்காவில ஒரு ஜேர்மன் பள்ளிக்கூடம். அனுபவம் எண்டா சொல்லி வேலையில்லை, வகுப்பு முழுக்க என்னட்டயே விட்டவை. ஆனா ஸ்டாஃப் ரூமில விடிஞ்சாப் பொழுதுபட்டா ஜேர்மன்தான், எஸனில இருக்கிறது மாதிரி. இங்கிலிஷுக்காகப் போறவைக்கு நான் அதைச் சொல்லமாட்டன். கணக்குப் படிப்பிக்கிறதுக்கெண்டா உடன போங்கோ.

கோல்ன்_டீச்சர்:
ஓம் அது முக்கியம். அதோட எங்க போனாலும், போக முதல் ரெண்டு இடத்தில கேளுங்கோ: இங்கிலிஷ் டிப்பார்ட்மென்ட்டில இது 3 மாசக் கணக்கில சேருமோ, பிராக்டிகும் அலுவலகத்தில இது பிராக்டிகுமா ஏற்கப்படுமோ. வாயால ஓம் எண்டு சொன்னாக் காணாது, மெயிலில வாங்கி வையுங்கோ. ரெண்டு அலுவலகமும் ஒண்டோட ஒண்டு கதைக்கிறேல்ல. ஒண்டு ஏற்று மற்றது ஏற்காம, பிள்ளையள் மாஸ்டரில திரும்ப ஒருக்கா போறதை நான் பாத்திருக்கிறன்.

காசும் ஒரேயடியா வராது, கடைசிப் பங்கு நீங்க திரும்பி வந்து ரிப்போர்ட் அனுப்பினாப் பிறகுதான், அதால முதல் வாடகைக்கும் டெபாசிட்டுக்கும் கையில ஏதாவது வையுங்கோ. டப்ளின் வாடகை பயங்கரம், சின்ன ஊர்ப் பள்ளிக்கூடமாத் தேடுங்கோ.

டோர்ட்முண்ட்_பிள்ளை:
கனக்க நன்றி அக்கா, அண்ணா. 250 யூரோ விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. ஒரு கேள்வி, பள்ளிக்கூடத்தை யூனி பிடிச்சுத் தருமோ நாங்களே எழுதோணுமோ? சனிக்கிழமையில தமிழ்ப் பள்ளிக்கூடத்தில சின்னாக்களுக்குப் படிப்பிக்கிறன், அதை சிவியில போடலாமோ?

எஸன்_குமரன்:
பெரும்பாலும் நீங்களேதான் எழுதோணும், பத்துக்கு எழுதினா ரெண்டு பதில் வந்தாப் பெரிசு. தமிழ்ப் பள்ளிக்கூடத்தை மேலயே போடுங்கோ, அது வகுப்பு அனுபவம்தானே. அயர்லாந்துப் பள்ளிக்கூடம் ஓம் எண்டவுடன கார்டா வெட்டிங் கேப்பினம், பிள்ளையளோட வேலை செய்யிறவைக்கு அங்கத்தைப் பொலிஸ் பாக்கிற பின்னணிச் செக். அது வர நாள் எடுக்கும், இங்கத்தை எர்வைட்டெர்டெஸ் ஃப்யூருங்ஸ்சொய்க்னிஸையும் (ஜேர்மன் நன்னடத்தைச் சான்றிதழ்) அதோட சேர்த்து எடுத்திடுங்கோ. பெப்ரவரிக்கெண்டா கோடையிலயே எழுதத் தொடங்குங்கோ.