நெஞ்சு இறகைப் பிடுங்கும் ஆப்பிரிக்கன் கிரே: வேப்பெண்ணெய் தடவலாமுங்களா?

பவானிக்கரை, கோபி:

வணக்கமுங்க. மூணு வயசு ஆப்பிரிக்கன் கிரே, காங்கோ வகை. டி.என்.ஏ பரிசோதனையில பொட்டைன்னு வந்தது. ஆடிக்காத்து ஆரம்பிச்சதிலிருந்து நெஞ்சுலயும் தொடை உள்பக்கமும் இறகைப் பிடுங்குது. நெஞ்சுல பாதி உள்ளங்கை அளவுக்குத் தோல் தெரியுது. ரத்தம் இல்லை. தலை, கழுத்து, செவப்பு வால் எல்லாம் நல்லா இருக்குது.

தீனி சூரியகாந்தி விதையும் கடலைக்காயும்தான். சாயங்காலம் கொய்யா, ஆப்பிள் ஒரு துண்டு. கூண்டு 2 அடிக்கு 2 அடி, உயரம் 3 அடி, ஜி.ஐ வலையில அடிச்சது. சமையக்கட்டை ஒட்டுன ரூம்புல இருக்குது, கண்ணாடி ஜன்னல் வழியா காலை வெயில் விழும். எடை 410 கிராம்.

வேப்பெண்ணெய்ல மஞ்சள் கொழைச்சுத் தடவச் சொல்றாங்க. தடவலாமுங்களா? இன்னொண்ணு, இந்த வாரத்துல ரெண்டு தடவை கட்டையிலிருந்து பொத்துனு கீழ விழுந்துச்சு. றெக்கை ஒரு நிமிசம் நடுங்குச்சு, அப்புறம் சரியாயிருச்சு. புடி தவறியிருக்கும்னு விட்டுட்டோம்.

ஆனைமலை, பொள்ளாச்சி:

எண்ணெய் தடவாதீங்க. ஆனா அதை விட அவசரம் நீங்க கடைசியில எழுதுன ரெண்டு வரி. நல்லா இருக்கிற கிளிக்கு லேசுல அப்படிப் புடி தவறாதுங்க. உக்காந்தவுடனே கால் தசைநாண் இழுத்து விரல் தானா கட்டையை இறுக்கிக்கும், அதனாலதான் தூங்கும்போதும் விழறதில்லை. விழுந்து றெக்கை நடுங்குச்சுன்னா முதல்ல சந்தேகப்பட வேண்டியது ரத்தத்துல கால்சியம் குறைஞ்சு வர்ற வலிப்பு. மத்த கிளிகளை விட கிரேவுக்கு இது ரொம்பச் சாதாரணமா வரும்.

நீங்க சொன்ன தீனியிலயே காரணம் இருக்குது. சூரியகாந்தி விதையில கால்சியம் சொற்பம், பாஸ்பரஸ் அதைப்போல பல மடங்கு. தீனியில கால்சியம் ரெண்டு பங்குன்னா பாஸ்பரஸ் ஒரு பங்கு இருக்கணும். இங்க தலைகீழா இருக்குது. உடம்புக்குள்ள போற கொஞ்சக் கால்சியத்தையும் இழுத்துக்க வைட்டமின் டி வேணும். அதுக்கு வெயில்ல இருக்கிற யு.வி.பிங்கிற புற ஊதாக் கதிர் தோல்ல படணும். ஜன்னல் கண்ணாடி வெளிச்சத்தை விடும், யு.வி.பியை விடாது. அந்தக் காலை வெயில் கிளிக்குக் கதகதப்புதான், டி இல்லை.

இன்னைக்கு ராத்திரியே மேல் கட்டையெல்லாம் எடுத்துட்டு, தரையிலிருந்து நாலு இஞ்சு உயரத்துல ஒரே ஒரு கட்டை வைங்க. அடியில மடிச்ச துண்டு. மறுபடி நடுங்குச்சுன்னா வெளக்கை அணைச்சு, கூண்டைத் துணியால மூடி, சத்தமில்லாம விடுங்க. வாயில தண்ணி ஊத்தாதீங்க, மூச்சுக்குழாய்க்குப் போயிரும். இறுக்கிப் புடிக்கவும் கூடாது. பறவைக்கு நெஞ்சு ஏறி இறங்கினாத்தான் மூச்சு.

நாளைக்கே பறவை பார்க்கிற டாக்டர்கிட்ட காட்டுங்க. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு முன்கூட்டியே போன் பண்ணிக் கேட்டுட்டுப் போகலாம். 'அயனைஸ்டு கால்சியம்', அதாவது எதோடயும் ஒட்டாம ரத்தத்துல தனியா இருக்கிற கால்சியம், பார்க்க முடியுமான்னு கேளுங்க. மொத்தக் கால்சியத்துல ஒரு பங்கு ரத்தப் புரதத்தோட ஒட்டிக்கிட்டு இருக்கும், மொத்தக் கணக்கு சரியா இருந்தாலும் உடம்புக்குப் பயன்படற கால்சியம் குறைஞ்சிருக்கலாம். மனுசங்க சாப்பிடற கால்சியம் டி3 மாத்திரையைப் பொடிச்சுப் போடற வேலை மட்டும் வேண்டாம். டி அளவு மீறுனா கிட்னியில சுண்ணாம்பு படிஞ்சு அதுவே உயிரை எடுக்கும்.

அமராவதி, தாராபுரம்:

மேல சொன்னது அத்தனையும் சரி. கூட ஒண்ணு: கூண்டு ஜி.ஐ வலைன்னு எழுதியிருக்கீங்க. ஜி.ஐ-ன்னா இரும்பு மேல துத்தநாகம் பூசுனது. கிரே நாள் முழுக்க அலகால கம்பியைக் கடிச்சுட்டே இருக்கும். உள்ள போற துத்தநாகமும் நடுக்கம், சோர்வு, வாந்தி, பச்சையா எச்சம், இறகு பிடுங்கறதுன்னு கிட்டத்தட்ட இதே அடையாளத்தைக் காட்டும். அதனால டாக்டர்கிட்ட கூண்டு எதுல செஞ்சதுன்னு சொல்லி, எக்ஸ்ரேயும் ரத்தத்துல துத்தநாகமும் பார்க்கச் சொல்லுங்க. ரப்பர் மூடி போட்ட குழாய்ல ரத்தம் எடுத்தா ரப்பர்ல இருக்கிற துத்தநாகமே கணக்கைக் கூட்டிக் காட்டிரும், இதையும் ஞாபகப்படுத்துங்க.

வினிகர் ஊத்திக் கம்பி பிரஷ்ல தேய்ச்சா தூள் பூச்சு கொஞ்சம் போகும், முழுசாப் போகாது. கூண்டை மாத்தறதுதான் வழி. கோயமுத்தூர்ல பட்டறையில சொல்லி 304 ரகத் துருப்பிடிக்காத ஸ்டீல் கம்பியில அடிச்சுக்கலாம். 3 அடி அகலம், 2½ அடி ஆழம், 4 அடி உயரம். கம்பிக்குக் கம்பி இடைவெளி முக்கால் இஞ்சுலிருந்து ஒரு இஞ்சுக்குள்ள, அதுக்கு மேல போனா தலையை விட்டுக்கும். கட்டைக்குக் கொய்யாக் கிளை நல்லது, மருந்து அடிக்காத மரமாப் பார்த்து. ஒரு இஞ்சு, ஒண்ணேகால், ஒண்ணரைன்னு கனம் மாத்தி மாத்தி வைங்க. எல்லாம் ஒரே கனம்னா பாதத்துல புண் வரும்.

சமையக்கட்டுப் பக்கத்துலிருந்து இன்னைக்கே எடுத்துருங்க. நான்ஸ்டிக் சட்டி காலியா அடுப்புல இருந்து ரொம்பச் சூடானா வர்ற புகை கண்ணுக்குத் தெரியாது, வாசமும் இருக்காது, கிளி நிமிசத்துல செத்துரும். மொளகாத் தாளிப்பு, கொசுவத்தி, சாம்பிராணி இதெல்லாம் உடனே கொல்லாட்டியும் நுரையீரலைக் கெடுக்கும்.

பவானிக்கரை, கோபி:

ரொம்ப நன்றிங்க. கட்டையெல்லாம் இறக்கியாச்சு, கூண்டை முன் ரூம்புக்கு மாத்தியாச்சு, நாளைக்குக் காலையில கூட்டிட்டுப் போறோம். தீனியை எப்படி மாத்தறதுங்க? பெல்லட் (கடையில விக்கிற சத்து உருண்டைத் தீனி) போட்டா ஒண்ணொண்ணா எடுத்துக் கீழ போடுது.

ஆனைமலை, பொள்ளாச்சி:

வலிப்பு நின்னு டாக்டர் சரின்னு சொன்ன பொறவு ஆரம்பிங்க. பசிச்சா தானா திங்கும்னு விதையை ஒரேயடியா நிறுத்தாதீங்க. கிரே புதுசா எதைப் பார்த்தாலும் மெரளும், பெல்லட்டைத் தீனின்னே நினைக்காம பட்டினி கிடக்கும்.

ஒரு கிராம் காட்டற சமையல் தராசு வாங்கி, தினம் காலையில முதல் எச்சம் போட்டதும், தீனி வைக்கிறதுக்கு முன்னாடி எடை போடுங்க. 410ல 20 கிராம் குறைஞ்சா மாத்தறதை நிறுத்திப் பழைய அளவுக்குப் போங்க. 40 குறைஞ்சா டாக்டர். முதல் வாரம் முக்கால் பங்கு விதை, கால் பங்கு பெல்லட். வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமா மாத்தி ரெண்டு மாசம் ஆனாலும் பரவாயில்லை. பெல்லட்டை வெதுவெதுப்பான தண்ணியில நனைச்சு, மசிச்ச சர்க்கரைவள்ளிக் கிழங்குல பிசைஞ்சு குடுத்தா சீக்கிரம் புடிக்கும். நீங்க அதுக்கு முன்னால ஒண்ணை எடுத்து ரசிச்சுத் திங்கற மாதிரி காட்டுங்க, நம்ம திங்கறதுதான் அதுக்கு வேணும்.

கடைசியில பாதிக்கு மேல பெல்லட் இருக்கணும், ஒரு நாளைக்கு 25-30 கிராம். மீதி காய்கறி. அரசாணிக்காய் (பரங்கிக்காய்), கேரட், சர்க்கரைவள்ளி மூணும் வைட்டமின் ஏ-க்கு. முருங்கைக்கீரை தினமும் ஒரு கொத்து, காம்போட தொங்க விடுங்க. 100 கிராம் இலையில கால்சியம் 300 மில்லிகிராமுக்கு மேல இருக்குது. பாலக், தண்டுக்கீரையில இருக்கிற ஆக்ஸலேட் கால்சியத்தைப் புடிச்சு வெச்சுக்கும், அதை எப்பவாவது குடுத்தாப் போதும். முளைகட்டுன பச்சைப்பயிறு, தட்டைப்பயிறு நல்லது. நம்ம வெயிலுக்கு முளைகட்டுனது சீக்கிரம் ஊசிப் போகும், ரெண்டு மணி நேரத்துல தீனிப் போசியை (கிண்ணத்தை) எடுத்துருங்க. கடலைக்காயை நிறுத்துங்க. ஓட்டுக்குள்ள பூஞ்சணம் இருந்தாத் தெரியாது, கிரேவுக்கு நுரையீரல் பூஞ்சைநோய் சுலபமா வரும். அவகேடோ, சாக்லேட், காபி, டீ, வெங்காயம், உப்புப் போட்டது எதுவும் கூடாது.

வெயிலுக்குக் காலையில 9 மணி வாக்குல வெளிய 20-30 நிமிசம், கூண்டுல பாதி நிழலா இருக்கணும். வாயைத் தொறந்து றெக்கையை ஒதுக்கி வெச்சா உடனே உள்ள எடுங்க. பூனையும் வல்லூறும் வரும், பக்கத்துலயே ஆள் நிக்கணும்.

சிறுவாணி, கோவை:

பிடுங்கறதைப் பத்தி. தலையில இறகு முழுசா இருக்கிறது நல்ல சேதி. அலகு எட்டாத எடத்துல கொட்டுனா நோய் சந்தேகம் பலமாகும், எட்டற எடத்துல மட்டும் போனா அதுவே பிடுங்குது. இருந்தாலும் ரத்தம் எடுக்கும்போதே பி.பி.எஃப்.டிங்கிற அலகு-இறகு நோய் வைரஸ் பரிசோதனைக்கும் அனுப்புங்க. எண்ணெய் ஏன் கூடாதுன்னா, இறகு ஒட்டிப் போயி உடம்புச் சூட்டைக் காக்காது. புடிக்காம இன்னும் அதிகமாக் கோதும், கோதுனது வயித்துக்குப் போகும்.

ஆடிக்காத்து பாலக்காட்டுக் கணவாய் வழியா அடிக்கிற எடத்துல தோல் காஞ்சு அரிக்கும். காத்து நேரா கூண்டு மேல படாம மறைங்க. வாரத்துல நாலு நாள் காலையில வெறும் தண்ணியை ஸ்ப்ரேயர்ல மழைச்சாரல் மாதிரி மேலருந்து விழ விடுங்க. முகத்துக்கு நேரா அடிக்காதீங்க. சாயங்காலம் வேண்டாம், ஈரத்தோட தூங்கும்.

ராத்திரி 10-12 மணி நேரம் இருட்டும் அமைதியும் வேணும். முதுகையும் றெக்கைக்கு அடியிலயும் தடவாதீங்க, பொட்டைக் கிளிக்கு அது ஜோடி சேர்ற அழைப்பு. அந்த வேகம் அடங்காமலும் பிடுங்கும். தலையும் கழுத்தும் போதும்.

பொழுதுக்கும் போசியில தீனி நிறைச்சு வைக்கிறதும் ஒரு காரணம். காட்டுல நாள் பூராத் தேடித் திங்கற பறவை, இங்க பத்து நிமிசத்துல வேலை முடிஞ்சிருது. தீனியைக் காகிதத்துல பொட்டலம் கட்டுங்க, பாக்கு மட்டைத் தட்டுல மடிச்சு வைங்க, தோலோட மக்காச்சோளக் கதிரைத் தொங்க விடுங்க. பனியன் துணி வெட்டு நம்ம ஊர்ல சும்மாவே கிடைக்குதுன்னு கட்டி விடறாங்க, அது மட்டும் வேண்டாமுங்க. நூல் விரல்ல சுத்தி ரத்த ஓட்டத்தை நிறுத்தும், முழுங்குனா இரைப்பையில அடைச்சுக்கும்.

அமராவதி, தாராபுரம்:

ஒரு சின்ன விசயம். இந்தக் கிளி 2017லிருந்து சைட்டிஸ்ங்கிற சர்வதேச வனவிலங்கு வணிக ஒப்பந்தத்தோட முதல் பட்டியல்ல இருக்குது. மத்திய அரசோட பரிவேஷ் இணையதளத்துல பதிவு செஞ்சுட்டீங்களா? 2024 பிப்ரவரியில வந்த விதிப்படி ஏற்கெனவே வெச்சிருந்தவங்களுக்கு அப்ப ஆறு மாசம் குடுத்திருந்தாங்க, புதுசா வாங்கறவங்களுக்கு 30 நாள். செய்யலைன்னா வனத்துறையில விசாரிச்சுருங்க. கால் வளைய எண்ணையும் வாங்குன ரசீதையும் டாக்டர் சீட்டையும் ஒரே கவர்ல வைங்க.

பக்கத்துல கோழி இருந்தா, அதுக்குத் தீனி போட்ட கையோட கிளியைத் தொடாதீங்க. வெள்ளைக்கழிச்சல் கிளிக்கும் தொத்தும். நாளைக்கு விடியக்காலையிலயே கெளம்புங்க, வெயில் ஏறுனா வண்டிக்குள்ள தாங்காது. போற பெட்டியில கட்டை வேண்டாம், துண்டு மட்டும்.